துணியில் நீலம் வருவது நிற்கவே மாட்டேன் என்கிறது: ரைஃபிள் குழலில் செம்புப் படிவை எடுப்பது எப்படி?

#1 காட்டுவழி

வணக்கம். .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன். கம்பெனியில் வந்த குழல்தான், 24 அங்குலம், 1:10 முறுக்கு (உள்வரிகள் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று). நூறு கஜத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுந்துகொண்டிருந்த குழு (தாளில் குண்டுகள் விழும் வட்டம்) இப்போது இரண்டு அங்குலத்தைத் தாண்டுகிறது. தோட்டா அதே தோட்டாதான். ஸ்கோப் மவுண்ட் திருகு, ஆக்‌ஷன் திருகு எல்லாம் இறுக்கம் பார்த்தாயிற்று. குழல்வாயில் டார்ச் அடித்தால் உள்ளே செம்புநிறக் கீற்றுகள் தெளிவாகத் தெரிகின்றன.

கையில் இருப்பவை: ஹாப்பிஸ் நம்பர் 9 சால்வென்ட் (கரைப்பான்), வெண்கல பிரஷ், பித்தளை ஜாக் (ராட் முனையில் துணியைப் பிடிக்கும் துண்டு), மூன்று துண்டாகப் பூட்டும் அலுமினிய ராட். எத்தனை துணி ஓட்டினாலும் செம்பு கரைந்த நீலப்பச்சையாகவே வருகிறது, குறைவதாகத் தெரியவில்லை. அம்மோனியா அதிகமுள்ள சால்வென்ட் வாங்கலாமா? எவ்வளவு நேரம் உள்ளே விடலாம்? குழலை அரித்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், உண்மையா?

#2 குழல்நோக்கி

சால்வென்ட் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள் தம்பி. ஜாக்கில் ஒரு துணியைச் சுற்றி, சால்வென்டில் நனைத்து, குழலுக்குள் விடாமல் மேஜைமேல் ஒரு தட்டில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். ஜாக்கின் வளையங்கள் பட்ட இடமெல்லாம் நீலக்கோடு விழுந்திருந்தால், இத்தனை நேரம் நீங்கள் சுத்தம் செய்துகொண்டிருந்தது ஜாக்கைத்தான்.

பித்தளையும் வெண்கலமும் பெரும்பாலும் செம்பே. செம்பைக் கரைக்கும் எந்தத் திரவமும் குண்டு விட்டுப்போன செம்பு எது, உங்கள் ஜாக்கின் செம்பு எது என்று பார்ப்பதில்லை. வெண்கல பிரஷ் இன்னும் மோசம். சால்வென்டோடு அதை ஓட்டினால் கம்பிகள் கரைந்து குழல் முழுக்க நீலம் பூசிவிடும். பிரஷும் சீக்கிரம் தேயும்.

செம்பு வேலைக்கு நைலான் பிரஷ். ஜாக் நிக்கல் பூசியதாகவோ, பிளாஸ்டிக்காகவோ, செம்பு கலக்காத உலோகமாகவோ இருக்கட்டும். நிக்கல் பூச்சு நாளாக ஆக விளிம்புகளில் தேய்ந்து அடியிலுள்ள பித்தளை எட்டிப்பார்க்கும். அப்போது அதே பொய் நீலம் திரும்ப வரும், அவ்வப்போது லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அந்த மூன்று துண்டு ராடையும் விட்டுவிடுங்கள். பூட்டுகளில் இருக்கும் சிறு படி வரிமேடுகளை (குழலுக்குள் சுழன்றோடும் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகளை) உரசும். அலுமினியம் மிருதுவானது, மணலும் கரித்துகளும் அதில் பதிந்து ராடே அரமாகிவிடும். நைலான் பூசிய எஃகு, கார்பன் ஃபைபர், பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ், இவற்றில் எதுவானாலும் ஒரே துண்டாக வாங்குங்கள். கைப்பிடி பேரிங்கில் தடையில்லாமல் சுழல வேண்டும். துணி முறுக்கைப் பின்பற்றித் திரும்பினால்தான் பள்ளத்தின் அடிவரை தொடும்.

#3 பனிக்கரை

குழல்நோக்கி அண்ணை சொன்னது சரி. அதோட இன்னொரு விடயமும் இருக்கு. கனபேர் நேரா செம்புக்குப் போயிடுவினம். கரியை எடுக்காமல் செம்பு சால்வென்ட் விட்டால் அது கரிக்கு மேல நிண்டு காய்ஞ்சு போகும், செம்பைத் தொடாது.

ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கரி, கொஞ்சம் செம்பு. அடுத்த வெடியின் சூடும் அழுத்தமும் முதல் படையை அப்பிடியே அமத்திப்போடும். பழைய வீட்டுச் சுவரில சுண்ணாம்புக்கு மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மாறிமாறிப் படை. அதாலதான் ஒரு கட்டத்தில துணி வெள்ளையா வந்து, "முடிஞ்சுது" எண்டு நினைச்ச பிறகு திரும்ப நீலம் வரும். மேல் செம்பு போயிட்டுது, அடியில கரி, கரிக்குக் கீழ பழைய செம்பு. ஆகவே கரி, செம்பு, கரி, செம்பு எண்டு மாத்தி மாத்திப் போகவேணும்.

இன்னொண்டு: குளிர். கராஜில பூச்சியத்துக்குக் கீழ துப்பாக்கியும் சால்வென்டும் கிடந்தால் வேலை மெத்தப் பிந்தும். உள்ளே கொண்டுவந்து குழல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கோ. வந்த உடன குழலில தண்ணி வேர்க்கும், அதைத் துடைச்சுப்போட்டுத் தொடங்குங்கோ.

#4 காட்டுவழி

ஜாக் சோதனை செய்தேன். துணி நல்ல நீலம். நைலான் பிரஷ், நிக்கல் ஜாக், ஒரே துண்டு ராட் ஆர்டர் போட்டாயிற்று. போர் கைடு (ராடை நேராக நிறுத்தும் குழாய்) அவசியமா? முழு வரிசையையும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.

#5 குழல்நோக்கி

போர் கைடு அவசியம். ராடை நேராக நிறுத்துவது ஒரு வேலை. அதைவிடப் பெரிய வேலை, சால்வென்ட் டிரிகருக்குள்ளும் ஸ்டாக் மரத்துக்குள்ளும் வடியாமல் தடுப்பது. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) பக்கம் ஓ-ரிங் இருக்கும் கைடு, உங்கள் தோட்டாவின் சேம்பருக்குப் பொருந்துவதாக வாங்குங்கள்.

வரிசை இது. மேகஸினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டை உருவுங்கள். தோட்டாக்கள் அந்த மேஜையிலேயே இருக்கக் கூடாது. துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, குழல்வாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி சரியுங்கள். வாயில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டிவிட்டால் அழுக்குத் துணியும் சொட்டும் அதில் விழும்.

முதலில் கரி. கரி சால்வென்டில் நனைத்த துணியை இரண்டு மூன்று முறை தள்ளி பத்து நிமிடம் விடுங்கள். பிறகு நைலான் பிரஷை நனைத்து பத்து முறை போக, பத்து முறை வர. பிரஷ் முழுதாக வாயைத் தாண்டிய பிறகுதான் திருப்ப வேண்டும், குழலுக்குள் பாதியில் திருப்பினால் கம்பிகள் மடங்கிவிடும். திரும்பி வரும்போது ராட் வாயின் விளிம்பில் சாயாமல் பாருங்கள். கிரௌன் எனும் அந்த விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால், குண்டு வெளியேறும் நொடியில் வாயு ஒரு பக்கமாகக் கசியும். பிறகு செம்பை எடுத்தும் பயனில்லை. நான் வாயில் பிரஷைக் கழற்றிவிட்டு ராடை வெறுமனே இழுப்பவன், சிலருக்கு அது மெதுவான வேலையாகத் தெரியலாம்.

துணி .30 கேலிபருக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலச் சதுரம். ராடை ஒரே சீராக அழுத்தினால் நகர வேண்டும். குத்தித் தள்ள வேண்டியிருந்தால் துணி பெரிது, வழுக்கிக்கொண்டு போனால் சிறிது. துணி ஒரு முறைதான் போகும், வாயில் விழுந்ததும் கதை முடிந்தது. அதையே திரும்ப இழுத்தால் அழுக்கு த்ரோட்டுக்கு (சேம்பரை அடுத்து வரிகள் தொடங்கும் இடம்) திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் ராடைத் துடைக்கவும்.

கரித் துணி சாம்பல் நிறத்துக்கு வந்ததும் உலர்ந்த துணி இரண்டு. கரி சால்வென்டின் எண்ணெய்ப் பசை நின்றால் செம்பு சால்வென்ட் உலோகத்தைத் தொடாது. பிறகு செம்பு சால்வென்ட், நைலான் பிரஷில் சொட்டுவிட்டு ஏழெட்டு முறை. அம்மோனியா உள்ளதானால் பத்து நிமிடம் காத்திருங்கள், இல்லாததானால் புட்டியில் போட்டிருக்கும் நேரம். பிறகு ஒரு நனைந்த துணி, ஒரு உலர்ந்த துணி. நிறம் பாருங்கள். அடர் நீலமானால் இன்னொரு சுற்று. வெளிறினால் மறுபடி கரி சால்வென்ட் ஒரு சுற்று விட்டு, பனிக்கரை சொன்னதுபோல் அடியில் இன்னொரு செம்புப் படை இருக்கிறதா பாருங்கள்.

கடைசியில் சால்வென்ட் முழுதாக வெளியேற வேண்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி இரண்டு மூன்று, உலர்ந்த துணி, பிறகு மெல்லிய எண்ணெய். சேம்பரையும் போல்ட் லக் (போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) குழியையும் தனித்துணியால் துடையுங்கள். கைடை உருவும்போது எப்போதும் சில சொட்டு அங்கே விழும், பலர் பார்க்காமல் விடும் இடம் அது.

#6 வேதிமுத்து

அம்மோனியா பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

அம்மோனியா மட்டும் செம்பைக் கரைக்காது. முதலில் ஆக்சிஜன் செம்பை ஆக்சிகரணம் செய்ய வேண்டும், அதன் பிறகு அம்மோனியா அந்த அயனியைப் பற்றிக்கொண்டு கரைசலுக்குள் இழுக்கும். ஒரு செம்பு அயனியைச் சுற்றி நான்கு அம்மோனியா மூலக்கூறுகள். நீங்கள் பார்க்கும் ஆழ்ந்த நீலம் அந்தக் கூட்டுப்பொருளின் நிறம். நடைமுறையில் இதன் பொருள்: வாயை அடைத்துக் குழல் நிறைய ஊற்றி வைப்பதைவிட, மெல்லிய ஈரப்படலமாகப் பூசிக் காற்றுபட விடுவதே நன்றாக வேலை செய்யும். நுரை வடிவில் வரும் சால்வென்ட்கள் எடுபடுவதற்கும் இது ஒரு காரணம். குழலின் மேல்பக்கத்தையும் நுரை தொட்டு நிற்கும், திரவமோ அடியில் தேங்கிவிடும்.

ஸ்வீட்ஸ் 7.62 என்ற ஆஸ்திரேலியச் சரக்கில் அம்மோனியா 5 சதவீதம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது என்பது அதற்கான பழகிய வரம்பு. ஈரமாக இருக்கும்வரை அம்மோனியா எஃகைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஆபத்து அது காயும்போது. அம்மோனியா ஆவியாகிப் போய், நீரும் உப்புகளும் பாதி கரைந்த செம்பும் எஃகின்மேல் நிற்கும். செம்பும் எஃகும் தொட்டிருக்கும் இடத்தில் ஈரம் நின்றால் துருப்பிடிப்பது எஃகுதான். அங்கேதான் சொரசொரப்பும் குழியும் விழுகின்றன, அந்தக் குழி அடுத்த முறை இன்னும் அதிகச் செம்பைப் பிடிக்கும். ராத்திரி ஊறட்டும் என்று அம்மோனியாவை விட்டுப் படுக்கக் கூடாது. ராத்திரி முழுக்க விடலாம் என்று புட்டியிலேயே எழுதியிருக்கும் அம்மோனியா இல்லாத நுரைகள் உண்டு, பொறுமைக்காரர்களுக்கு அவையே மேல்.

அம்மோனியாவைத் தோட்டாக்களின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே வெடிப்புவிட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், தயாரிப்பின்போது பித்தளையில் தங்கிய இழுவிசையும் சேர்ந்ததே காரணம் என்று 1921ல் நிறுவினார்கள். இன்றைய கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) கழுத்துக்கும் அதே கதைதான். சால்வென்ட் கையோடு தோட்டாவைத் தொடுவதும், சேம்பரில் அம்மோனியா நிற்க விடுவதும் வேண்டாம்.

வெவ்வேறு கம்பெனிச் சால்வென்ட்களைக் குழலுக்குள் ஒன்றோடொன்று கலக்காதீர்கள், நடுவில் ஆல்கஹால் துணி ஓட்டுங்கள். அம்மோனியாவையும் ப்ளீச்சையும் ஒரே மேஜையில் வைக்காதீர்கள், கலந்தால் வருவது நச்சு வாயு. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், நைட்ரில் கையுறை, கண்ணாடி. பிரஷ் வாயைத் தாண்டும்போது கம்பிகள் தெறிக்கும் துளி நேராகக் கண்ணுக்கு வரும்.

#7 காட்டுவழி

நன்றி சார். போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் கருவி) இல்லாமல் செம்பு போனதை எப்படி உறுதிசெய்வது? துணியை மட்டும் நம்பலாமா?

#8 குழல்நோக்கி

துணியை மட்டும் நம்ப முடியாது. எல்லாச் சால்வென்டும் நீலம் காட்டாது, கேஜி-12 செம்பை நன்றாகவே எடுக்கும், நீலம் வராது. அதை வாங்கிவிட்டு "துணி வெள்ளை, செம்பே இல்லை" என்று நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

டார்ச்சைக் குழல்வாயில் நேராக வைக்காமல், சற்று சாய்த்து, வெள்ளைத்துணி ஒன்றைச் சேம்பர் பக்கம் நிறுத்திப் பாருங்கள். முதல் இரண்டு அங்குலம் நன்றாகத் தெரியும். சுத்தமான எஃகு ஒரே சாம்பல். செம்பு இருந்தால் ஆரஞ்சு ஒளி, பெரும்பாலும் வரிமேட்டின் மேலும் அதன் ஓரத்திலும். ஆனால் இதில் தெரிவது வாய்ப்பக்கம் மட்டும்.

போனோடு இணைக்கும் டிஜிட்டல் போர்ஸ்கோப் இப்போது மலிவு. வாங்கினால் கம்பெனிக் குழலில் முதலில் கண்ணில் படுவது இது: வரிமேட்டின்மேல், முறுக்கு போகும் திசைக்குக் குறுக்கே, மயிரிழை போன்ற கோடுகள் நெருக்கமாக ஓடும். குழலைத் துளைத்த பிறகு ரீமர் (துளையைச் சீராக்கும் வெட்டுக்கருவி) விட்டுப்போன தடங்கள். குண்டு போகிற வழிக்குக் குறுக்கே நிற்பதால் ஒவ்வொன்றும் குண்டின் மேலுறையான ஜாக்கெட்டைச் சிறிது சுரண்டும், செம்பு அந்தக் கோட்டிலேயே குறுக்குப் பட்டையாக உட்கார்ந்திருக்கும். கையால் லேப் செய்த (உட்பரப்பைத் தேய்த்து மெருகேற்றிய) போட்டிக் குழல்களில் தடங்கள் குண்டு போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கும். அவை செம்பு குறைவாகப் பிடிப்பதற்கும், நாலைந்து துணியில் சுத்தமாவதற்கும் அதுவே காரணம். உங்கள் குழல் அப்படி நடந்துகொள்ளாது, எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. போர்ஸ்கோப் எல்லாவற்றையும் பூதாகரமாகக் காட்டும். த்ரோட்டில் எஃகு பாளம் பாளமாக வெடித்த தோற்றம் சில நூறு வெடிகளிலேயே வரும், வெடிமருந்தின் சூட்டினால் வருவது. அதைக் கறை என்று நினைத்துத் தேய்க்கத் தொடங்கினால் குழலைத் தேய்த்துத் தீர்ப்பீர்கள்.

#9 இலக்குமணி

எல்லாரும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எப்போது நிறுத்துவது என்பதுதான் கேள்வியே. கடைசித் துளி செம்புவரை எடுக்கணும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நல்ல குழலில் செம்பு கூடிக்கொண்டே போவதில்லை. ஓரளவு ஏறியதும் ஒவ்வொரு வெடியும் விடுவதும் அள்ளிப்போவதும் சமமாகி நிலைக்கும். அந்த நிலையில்தான் குழல் சொன்னபடி கேட்கும். வெற்று எஃகுவரை உரித்தால் முதல் சில வெடிகள் வேகமும் இடமும் மாறி விழும். சில குழலுக்கு மூன்று வெடி போதும், சிலது பத்துக்கு மேல் கேட்கும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் வெற்று எஃகுவரை உரிப்பவர் அடுத்த முறை தோட்டாவைத் தாளில் வீணாக்கித்தான் திரும்ப வரணும்.

என் அளவுகோல் இலக்குத் தாள். ஒவ்வொரு முறையும் கரியை எடு, த்ரோட்டைக் கவனி. செம்பை, குழு விரியும்போது எடு. ஸ்கோப், திருகு, தோட்டா மூன்றும் மாறாமல் குழு மட்டும் விரிந்தால் அது செம்பு நேரம். குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் வேகத்தையும் எழுதிவையுங்கள். அதே லோடு (அதே மருந்தளவும் குண்டும்) மெல்ல மெல்ல வேகம் கூடிக்கொண்டு போனால் குழல் இறுகுகிறது, அழுத்தமும் சேர்ந்து கூடுகிறது. அது குழு விரிவதற்கு முன்பே எச்சரிக்கும்.

#10 குழல்நோக்கி

போட்டிக்காரருக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, வாராவாரம் சுடுபவர், குழலும் லேப் செய்தது. ஆனால் வேட்டைக்காரர் வீட்டில் துப்பாக்கி மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கிறது. கடலோர ஈரத்தில் செம்புக்கும் எஃகுக்கும் இடையில் ஈரம் புகுந்து நின்றால் செம்புக்கு அடியில் துரு நடக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நீண்டநாள் வைக்கும் முன் உரித்து எண்ணெய் விடுவது என் பழக்கம், அதை விட மாட்டேன்.

#11 இலக்குமணி

நீண்டகாலம் வைப்பதென்றால் உரிக்கலாம், அதில் வாதமில்லை. வெள்ளைத் துணி வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒவ்வொரு ஞாயிறும் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

#12 காட்டுவழி

பேஸ்ட் என்றதும் கேட்கிறேன். ஜேபி, அயோசோ மாதிரி உராய்வுப் பேஸ்ட் எப்போது? புதிய நுரையை இரண்டு முறை விட்டும் நடுக்குழலில் ஒரு பட்டை அசையவில்லை.

#13 குழல்நோக்கி

முதலில் மூன்றாவது முறை நுரை. இடையில் கரி சால்வென்ட். பட்டை அசையாததற்குப் பெரும்பாலான காரணம் அதன்மேல் கரி கண்ணாடிபோல் இறுகியிருப்பது. நுரையைக் குழல் முழுக்க நிரப்பி, காய்ந்து சுருங்கியதும் துணி தள்ளி, உடனே மறுபடி விடுங்கள். நேரத்தைக் கூட்டுவதைவிடப் புதுச் சரக்கு விடுவது பலன் தரும். செம்பைச் சுமந்து நிறைந்த நுரை இன்னும் எவ்வளவு நேரம் நின்றாலும் மேலே எடுக்காது.

அதற்கும் அசையாவிட்டால் ஜேபி. இறுக்கமான துணியில் பட்டாணி அளவு, இரண்டு சொட்டு எண்ணெய். பட்டை இருக்கும் இடத்தில் மட்டும் குட்டையாகப் பத்துப் பன்னிரண்டு முறை முன்னும் பின்னும், பிறகு முழுநீளம் நாலைந்து முறை. வாயைத் தாண்டவே கூடாது. ராடில் ஒரு நாடாவை ஒட்டி நிறுத்தக்குறி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கரி சால்வென்டில் ஐந்தாறு துணி, சேம்பரில் தனித்துணி. பேஸ்ட் துகள் மிஞ்சினால் அடுத்த குண்டு அதைக் குழல் முழுக்க இழுத்துப்போகும். வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் இதற்குத் தேவை வந்தால் அது குழலின் பரப்புக் குறை. சுத்தம் செய்து அதைத் தீர்க்க முடியாது.

உள்ளே குரோம் பூசிய குழலில் இந்தப் பேஸ்ட் வேலையே வேண்டாம். குரோமில் செம்பு அத்தனை பிடிப்பாக நிற்காது, சால்வென்டே போதும்.

#14 சேரன்காடு

லைசென்ஸோடு .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள், இஷாப்பூர் தயாரிப்பு. இங்கே இறக்குமதிச் சால்வென்ட் கிடைப்பது கஷ்டம். என்.சி.சி.யில் பழகிய புல்த்ரூ (துணி மாட்டிக் குழலுக்குள் இழுக்கும் எடைகட்டிய கயிறு), சிந்தித்துணி (துடைக்கும் துணித்துண்டு), ரங்கூன் ஆயில், இவ்வளவுதான். இதில் செம்பு போகுமா? கெமிக்கல் கடையில் அம்மோனியா கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?

#15 வேதிமுத்து

ரங்கூன் ஆயில் துருவைத் தடுக்கும், செம்பைத் தொடாது. டபிள்யூ.டி-40க்கும் அதே பதில்.

கடை அம்மோனியா பெரும்பாலும் 25 சதவீதத்துக்கு மேல். அப்படியே விடவே கூடாது, மூச்சுக்கும் கண்ணுக்கும் நேரடி ஆபத்து. வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, நான்கு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அம்மோனியாவை ஊற்றினால் சுமார் 5 சதவீதம் வரும். இதில் கம்பெனிச் சால்வென்டில் இருக்கும் சோப்புத்தன்மையும் துருத்தடுப்பும் இல்லை, வேகமாகக் காயும். எனவே ஐந்து நிமிடம், பிறகு புதுத்துணி, மறுபடி ஐந்து நிமிடம். துணி வெளிறியதும் வெந்நீர் விட்டு, உலர்த்தி, உடனே எண்ணெய். ஸ்டாக்கைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், அம்மோனியா பட்டால் வார்னிஷ் போய்விடும். புட்டியை இறுக மூடி, பேர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

#16 குழல்நோக்கி

புல்த்ரூ பற்றி ஒன்று. கயிறு குழல்வாயில் சாய்ந்து இழுபட்டால் ஒரே இடத்தில் கோடு விழும். பழைய .303 லீ-என்ஃபீல்டுகளில் கயிறு தேய்த்த வாய்கள் இதனால் வந்தவைதான். கயிற்றின் எடையைச் சேம்பர் பக்கமிருந்து விட்டு, வாய்ப்பக்கமிருந்து குழலின் நேர்க்கோட்டிலேயே இழுங்கள். இயன்றால் ஒருவர் துப்பாக்கியைப் பிடிக்க, இன்னொருவர் இழுக்கட்டும். கயிறு மண்ணில் படக் கூடாது. போல்ட்டை வேறு துப்பாக்கியின் போல்ட்டோடு மாற்றிவிடாதீர்கள், ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளி) மாறிவிடும்.

தோட்டா எந்தக் காலத்தது, என்ன பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) என்று தெரியாவிட்டால் எந்தச் சால்வென்டுக்கும் முன் வெந்நீர். பழைய ராணுவ உபரித் தோட்டாக்களில் பொட்டாசியம் குளோரேட் பிரைமர் இருந்தால் அது குழலில் பொட்டாசியம் குளோரைடை விட்டுப்போகும். சமையல் உப்பின் உறவு, ஈரத்தை இழுத்துத் துருவை அழைக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். செம்புப் படைக்கு அடியிலும் அந்த உப்பு மாட்டியிருக்கும், ஆகவே செம்பு எடுத்த பிறகு இன்னொரு முறை வெந்நீர்.

#17 பனிக்கரை

இந்தச் செம்புத் தொல்லைக்கு முந்தி இதைவிட மோசமான தொல்லை இருந்தது எண்டதையும் சொல்லவேணும். அமெரிக்க ராணுவத்தின்ர 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள் காலத்தில ஜாக்கெட் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். அது வாய்ப்பக்கம் கட்டி கட்டியா ஒட்டும். அதை எடுக்க அம்மோனியாவோட அம்மோனியம் பெர்சல்ஃபேட் கலந்து குழலில நிரப்பினவை. காயவிட்டாலோ சூடாக்கினாலோ அந்தக் கலவை குழலையே திண்டுபோடும்.

1921 கேம்ப் பெரி தேசியப் போட்டிக்கு அமெரிக்கர் வெள்ளீயம் பூசின குண்டு குடுத்துப் பாத்தினம். ஒட்டுறது நிண்டது. ஆனா வெள்ளீயம் கேஸ் கழுத்தோட பற்றிப்பிடிச்சதாலயும், கனபேர் பழக்கத்தில குண்டில கிரீஸ் பூசினதாலயும் அழுத்தம் ஆபத்தா ஏறிச்சு. பிறகு செம்போட கொஞ்சம் துத்தநாகம் சேர்ந்த ஜாக்கெட் வந்தது, இண்டைக்கும் அதுதான். வெள்ளீய யோசனை மட்டும் சாகேல்லை. பிரெஞ்சுப் பீரங்கிக்காரர் முதலே வெடிமருந்தோட வெள்ளீய, ஈயத் தகடு வைச்சவை. இண்டைக்கு ரீலோட் செய்யிற (தோட்டாவைத் தாங்களே நிரப்புற) ஆக்களுக்குச் செம்பு ஒட்டாமல் தடுக்கிற சேர்மம் கலந்த பவுடர் கிடைக்குது, சிஎஃப்இ 223 அப்பிடியொண்டு. .308க்கும் அதுக்கு லோடு தரவு இருக்கு. ஏறினதை அது உரிக்காது, ஏறுறதை மெதுவாக்கும்.

#18 ஈயத்துளி

கிளப்பில் .22 ரிம்ஃபயரும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் சுடுகிறோம். எங்களுக்கும் செம்பு சால்வென்ட் தேவையா?

#19 இலக்குமணி

வேண்டாம். போட்டித் தோட்டாவின் குண்டு மெழுகு பூசிய வெறும் ஈயம், செம்பு ஜாக்கெட்டே இல்லை. .22க்குக் கவனிக்க வேண்டியது சேம்பருக்கு முன்னால் சேரும் கரிவளையமும் ஈயமும்தான். ஏர் ரைஃபிளில் எந்தச் சால்வென்டும் உள்ளே போகக் கூடாது, சீல் கெடும். அதற்கென்று விற்கும் ஃபெல்ட் துண்டு போதும்.

ஈயத்தை எடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் கலக்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. ஈயம் கரைந்து தோல்வழி உடம்புக்குள் போகிற விஷ உப்பாகிவிடும். செய்யாதீர்கள்.

#20 காட்டுவழி

மின்பகுப்பு முறை? குழலுக்குள் எஃகுக் கம்பி விட்டு, அம்மோனியாக் கரைசல் ஊற்றி பேட்டரி கொடுத்தால் செம்பெல்லாம் கம்பியில் வந்து ஒட்டும் என்கிறார்கள்.

#21 வேதிமுத்து

ஒட்டும். குழல் நேர்மின்வாய், கம்பி எதிர்மின்வாய். அந்தத் தத்துவத்தில் கருவியே விற்றார்கள். சிக்கல், செம்பு தீர்ந்த பிறகு மின்னோட்டம் நிற்பதில்லை. அடுத்து கரைவது எஃகு. படிவு குழல் முழுக்க ஒரே தடிப்பில் இல்லாததால், ஓரிடத்தில் செம்பு இருக்கும்போதே வேறிடத்தில் குழல் அரிபடும். கம்பி ஓரிடத்தில் சுவரைத் தொட்டால் அங்கே ஷார்ட். இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டாலோ கம்பியின் உலோகம் குழலில் போய் ஒட்டும். நுரை விட்டு ஒரு இரவு காத்திருந்தால் கிடைக்கும் பலனுக்கு இந்த ஆபத்தை எடுக்கக் காரணமே இல்லை.

#22 காட்டுவழி

கரி, நுரை, கரி, நுரை என்று மாற்றி மாற்றிப் போனதில் நடுப்பட்டை போய்விட்டது, பேஸ்ட் தேவைப்படவில்லை. நூறு கஜத்தில் முதல் வெடிகள் சிதறின, பிறகு குழு ஒன்றேகால் அங்குலத்துக்கு இறங்கியது. இன்னொரு கேள்வி: ஈயமில்லாத முழுச் செம்புக் குண்டுக்கு மாறப்போகிறேன். இதே குழலில் அப்படியே சுடலாமா?

#23 குழல்நோக்கி

இப்போது வெற்று எஃகு நிலைக்கு அருகில் இருக்கிறது, மாறுவதற்கு இதுவே சரியான நேரம். ஜாக்கெட் உலோகப் படிவின்மேல் சுத்தச் செம்பு ஏறினால் ஒட்டுதல் கூடிக் குழு நிலைக்க மறுக்கும். குண்டு வகை மாற்றும்போது உரித்துவிட்டு மாறுவது நல்லது. 1989ல் வந்த முதல் பார்ன்ஸ் எக்ஸ் குண்டுகள் அதிகம் படிவதாகப் பேர் வாங்கின. பின்னால் வந்த டிஎஸ்எக்ஸில் குண்டின் உடலில் வளையப் பள்ளங்கள் வெட்டிக் குழலைத் தொடும் பரப்பைக் குறைத்தார்கள், படிவும் அழுத்தமும் குறைந்தன. கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது, டென்மார்க்கில் 2024லிருந்து. இனி இந்தக் கேள்வி நிறையப் பேருக்கு வரும்.

செம்புக் குண்டோடு சுத்தம் செய்யும் இடைவெளியைக் குறைத்து ஆரம்பியுங்கள், இருபது முப்பது வெடிக்கு ஒருமுறை டார்ச் வைத்துப் பார்த்து, உங்கள் குழலின் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். ரீலோட் செய்வதானால் ஈயக்குண்டின் லோடை அப்படியே வைக்காதீர்கள். அதே எடையில் செம்புக் குண்டு நீளம் அதிகம், கேஸுக்குள் இடம் பிடிக்கும். அதற்கென்று வெளியிட்ட தரவில் கீழிருந்து ஏறுங்கள். நீளம் கூடுவதால் முறுக்கும் பார்க்க வேண்டும், உங்கள் 1:10க்கு வழக்கமான எடைகளில் பிரச்சினை வராது.

வேட்டைக்குப் போகும் காலையில் உலர்ந்த துணி இரண்டை ஓட்டி எண்ணெயை எடுங்கள், சேம்பரையும் துடையுங்கள். சேம்பரில் எண்ணெய் நின்றால் கேஸ் சுவரைப் பற்றாது, உதை முழுக்க போல்ட் லக்குகளுக்குப் போகும்.